ஹாலில் டிவி இடம் மாறினால் பாக்ஸும் கூடவே போக வேண்டுமா?

ஹாலில் டிவியை வேறு சுவருக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தாலே வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை வரும். சோபா எங்கே, அக்வேரியம் எங்கே, சுவருக்கு என்ன கலர் என்பது வரை போகும், ஆனால் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கி வரும் அந்தக் கறுப்பு ஒயரை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். டிவியைத் தூக்கி மாட்டிய பிறகுதான் ஒயர் எட்டவில்லை என்று தெரியும். அப்புறம் அவசரத்துக்கு ஒரு ஜாயின்ட், அதன் மேல் இன்சுலேஷன் டேப், மழை வந்தால் பாதி சேனல் போச்சு.

பேச வசதியாக இருக்க ஒரு நிஜமான ஹாலையே எடுத்துக்கொள்கிறேன். சேலம் அழகாபுரத்தில் எங்கள் சின்ன மாமா வீடு. மேற்குப் பார்த்த வாசல், வாசலுக்கு இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல், கிழக்குச் சுவரில் டிவி. மத்தியானம் மூன்றரை மணி ஆனால் வெயில் நேராக டிவி மேல் விழும், படத்தில் ஆள் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. ரிமோட் பேசுவது அகச்சிவப்பு ஒளியில், வெயிலிலும் அதே அகச்சிவப்பு ஏராளமாக இருக்கிறது. செட்டாப் பாக்ஸின் முன்னால் இருக்கும் கண்ணில் நேர் வெயில் விழுந்தால் அது திணறும். சாயங்காலம் மட்டும் ரிமோட் வேலை செய்யவில்லை, பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். மாமாவுக்கு டிவியைத் தெற்குச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். டிஷ் ஒயர் இறங்குவது வடகிழக்கு மூலையில்.

பார்வைக்குப் பதினைந்து அடி தூரம்தான். ஆனால் ஒயர் காற்றில் போகாதே. பழைய இடத்திலிருந்து லிண்டல் உயரத்துக்கு ஏறி, சமையலறை நிலையின் மேலே தாண்டி, சுவரோடு போய், மூலையில் திரும்பி, புது இடத்தில் கீழே இறங்க வேண்டும். ஏறவும் இறங்கவுமே பத்துப் பன்னிரண்டு அடி போய்விடும், பின்னால் கொஞ்சம் தொங்கலும் விட வேண்டும். மொத்தம் நாற்பது அடி, அதாவது 12 மீட்டர். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் ஒரு நூலை எடுத்து ஒயர் போகப்போகும் பாதையிலேயே பிடித்து அளந்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

முதலில் செலவே இல்லாத வழி. டிவியை அங்கேயே விட்டுவிட்டு சோபாவைத் திருப்பிப் போடுவது, ஜன்னலுக்குக் கனமான திரை போடுவது. சிரிக்க வேண்டாம், பாதி வீடுகளுக்கு இதுவே போதும். சுவரில் அடித்த ஸ்டாண்டை மட்டும் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் திரும்பும் கை வைத்த ஸ்டாண்ட் ஒன்றை மாட்டினால் டிவியை பத்து இருபது டிகிரி திருப்பிக்கொள்ளலாம், கண்கூச்சம் பெருமளவு போய்விடும், ஒயரைத் தொடவே வேண்டாம். மாமா வீட்டில் இது எடுபடவில்லை. சேலத்து சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னலை மூடிப்போட்டு உட்கார்ந்தால் ஹால் அடுப்பாகிவிடும், சாயங்காலக் காற்று வருவதும் அந்த ஜன்னல் வழியாகத்தான். சரி, மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். டிவியும் பாக்ஸும் இரண்டு தனிப்பொருள். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது எச்டிஎம்ஐ ஒயர், பாக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் ஓடுவது கோஆக்ஸ் ஒயர். இடம் மாற்றும்போது இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை நீட்டியே ஆக வேண்டும். பாக்ஸ் டிவியோடு போனால் கோஆக்ஸ் நீளும், பாக்ஸ் பழைய இடத்திலேயே இருந்தால் எச்டிஎம்ஐ நீளும். எல்லா வழிகளும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கும்.

பாக்ஸை அங்கேயே விட்டுவிட்டு நீளமான எச்டிஎம்ஐ போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கடையில் பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் எச்டிஎம்ஐ கிடைக்கிறது, இரண்டு பக்கமும் செருகினால் வேலை முடிந்தது, டெக்னீஷியன் வேண்டாம், டிஷ் பக்கம் போகவே வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. சாதாரண செம்பு எச்டிஎம்ஐ ஐந்து மீட்டர் வரை பெரும்பாலும் தொல்லை தராது. டிடிஹெச் பாக்ஸ் தரும் 1080 படம் பத்து மீட்டர் வரை நல்ல ஒயரில் தாங்கும், ஆனால் 4கே பாக்ஸாக இருந்தால் அந்த நீளத்தில் படம் மினுக்கும், திடீரென்று கறுப்பாகித் திரும்ப வரும். அதற்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ என்று உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஒயர் வாங்க வேண்டும். விலை அதிகம். அதோடு அதற்குத் திசை உண்டு, பாக்ஸ் பக்கத்து முனை எது, டிவி பக்கத்து முனை எது என்று போட்டிருப்பார்கள். சுவருக்குள் இழுத்த பிறகு தலைகீழாகப் போட்டது தெரிந்தால் கதை முடிந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை பிளக்கின் அளவு. எச்டிஎம்ஐ முனை கம்பெனியிலேயே அச்சாகி வருவது, வெட்டி இழுத்துவிட்டுப் பிறகு மாட்ட முடியாது. நம் வீடுகளில் சுவருக்குள் போட்டிருக்கும் முக்கால் இஞ்ச் பைப்பில் அந்தத் தலை நுழையாது, ஒரு இஞ்ச் பைப்பிலும் வளைவு வந்தால் மாட்டிக்கொள்ளும். கோஆக்ஸ் அப்படியில்லை. வெறும் ஒயராக இழுத்து, வேண்டிய நீளத்தில் வெட்டி, முனையில் கனெக்டர் மாட்டிக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து முனை கெட்டால் அரை இஞ்ச் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடலாம். எச்டிஎம்ஐ உள்ளே செத்தால் மொத்தமாக உருவி எறிய வேண்டியதுதான். ஒரு நல்ல நீள எச்டிஎம்ஐ விலைக்கு அதே நீளத்தைப் போலப் பல மடங்கு கோஆக்ஸ் வாங்கலாம் என்பது தனி.

ரிமோட் விஷயம் இன்னும் இருக்கிறது. டிவி தெற்கே, பாக்ஸ் வடகிழக்கு மூலையில், நீங்கள் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சேனல் மாற்ற ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னால் திருப்பி மூலையைக் குறிபார்க்க வேண்டும். ஐஆர் எக்ஸ்டெண்டர் என்று ஒரு சின்னக் கண்ணை டிவி ஓரத்தில் ஒட்டி அதிலிருந்து மெல்லிய ஒயரைப் பாக்ஸ் வரை இழுக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு ஒயர்தானே. புளூடூத் ரிமோட் வரும் ஆண்ட்ராய்ட் பாக்ஸாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. எச்டிஎம்ஐ வழியாகவே டிவி ரிமோட் பாக்ஸையும் இயக்கும் வசதி சில ஜோடிகளில் வேலை செய்யும், சிலவற்றில் ஒலி கூட்டுவதோடு நின்றுவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். என் அத்தைக்கு ரிமோட் என்றால் டிவியைப் பார்த்து நீட்டுவது, அவ்வளவுதான். அதை மாற்றச் சொல்லி அவரோடு வாதாட என்னால் முடியாது.

ஒயரே இல்லாத எச்டிஎம்ஐ கருவி பற்றிக் கேட்பார்கள். பாக்ஸில் ஒன்று, டிவியில் ஒன்று, நடுவில் அலைவரிசை. வாடகை வீட்டில், ஆணி அடிக்கவே விடாத ஓனரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆகும். சில ஆயிரம் ரூபாய் போகும், இரண்டு முனைக்கும் மின்சாரம் வேண்டும், நடுவில் ஆள் நடந்தால் சிலதில் படம் தடுக்கும். ஒரே ஹாலுக்குள் இதற்குக் காசு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது கோஆக்ஸ் பக்கம் வருவோம். இங்கே இரண்டு வழி. பழைய ஒயரின் முனையில் ஜாயின்டர் போட்டு நீட்டுவது ஒன்று, டிஷ்ஷிலிருந்தே ஒரே துண்டாகப் புது ஒயர் போடுவது இன்னொன்று.

ஜாயின்ட் போட்டால் சிக்னல் போய்விடும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. பாதிதான் உண்மை. டிஷ்ஷின் மூக்கு நுனியில் இருக்கும் எல்.என்.பி. வெறும் பிடிப்பான் இல்லை. வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை அங்கேயே பல்லாயிரம் மடங்குக்கு மேல் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு இறக்கித்தான் ஒயரில் அனுப்புகிறது. அதனால் வழியில் கொஞ்சம் குறைந்தாலும் பாக்ஸ் சமாளித்துக்கொள்ளும். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி 6 ரகக் கோஆக்ஸ் நல்லதாக இருந்தால், 12 மீட்டர் நீளத்தில் உச்ச அலைவரிசையில் மூன்றரை நான்கு டெசிபல் போகும். மூன்று டெசிபல் என்றாலே பாதி சக்தி, ஆனாலும் இது பெருக்கிய பிறகு போகும் பாதி என்பதால் டிஷ்ஷிலிருந்து மொத்த நீளம் முப்பது நாற்பது மீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. ஒழுங்காகப் போட்ட ஜாயின்ட் ஒன்றில் போவது ஒரு டெசிபலுக்கும் கீழே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஒயரில் சிக்னல் மட்டும் போவதில்லை. பாக்ஸ் கீழிருந்து எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை அதே ஒயரில் மேலே அனுப்புகிறது. 13 என்றால் ஒரு வகை அலை, 18 என்றால் இன்னொரு வகை, அப்படித்தான் எல்.என்.பி.க்கு எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிகிறது. ஜாயின்ட்டில் துரு இருந்தால், நடுக்கம்பி சரியாகத் தொடாமல் இருந்தால், வோல்ட் மேலே போய்ச் சேரும்போது குறைந்துவிடும், எல்.என்.பி. 18-ஐ 13 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ஒரு பகுதி சேனல் நன்றாக வரும், இன்னொரு பகுதி வரவே வராது. சேனல் பேக்கைக் கட் பண்ணிவிட்டார்கள் என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பவர்களில் சிலருக்கு உண்மையான எதிரி இந்த ஜாயின்ட்தான். கேபிள் டிவிக்காக வைத்திருக்கும் ஸ்ப்ளிட்டரை ஜாயின்டர் மாதிரி நடுவில் போடுவதும் இதே கதையில் முடியும். அது இந்த அலைவரிசைக்குச் செய்தது இல்லை, மின்சாரத்தையும் மேலே விடாது. வீட்டுக்குள் பழைய கேபிள் டிவி ஒயர் ஏற்கெனவே ஓடுகிறதே, அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். பழைய ஒயர் பலதும் ஆர்ஜி 59 ரகம், மெல்லியது, கேபிள் டிவியின் தாழ்ந்த அலைவரிசைக்குத் தாங்கும், டிஷ்ஷுக்குத் தாங்காது. ஒயர் மேலேயே பெரும்பாலும் அச்சடித்திருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஜாயின்ட் போடுவதாக இருந்தால் வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு பக்கமும் திருகு உள்ள உலோக ஜாயின்டரில். கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது ஜாயின்ட் ஆகாது. கனெக்டரிலும் திருகி ஏற்றும் மலிவு ரகம் வேண்டாம், கருவி வைத்து அழுத்திப் பிடிக்கும் ரகம் போடச் சொல்லுங்கள். ஒயரில் நடுக்கம்பி முழுச் செம்பாக இருந்தால் நல்லது. மலிவு ஒயரில் எஃகுக் கம்பி மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். சிக்னலுக்கு அது போதும், ஆனால் நீளம் கூடினால் அந்த 18 வோல்ட் வழியிலேயே கரையும்.

புது ஒயர் ஒரே துண்டாக டிஷ்ஷிலிருந்து போடுவது இதைவிட நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி, அந்தக் கூடுதல் வேலைக்குத் தகுந்த பலன் உங்களுக்கு உண்டா என்பது. மொட்டை மாடி ஒயர் வெயிலில் கிடந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தால், மேல் தோல் வெடித்திருந்தால், டிஷ் முனைக் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிது போட்டுவிடுங்கள். சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் எதுவும் இளமையாக இருப்பதில்லை. அந்த ஒயரில் போய் ஜாயின்ட் போட்டு நீட்டினால் கெட்டுப்போகப் போகிற ஒன்றை இன்னும் நீளமாக்கியதாகத்தான் ஆகும். புது ஒயர் என்றால் வடகிழக்கு மூலை வழியாகவே வர வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும். மாமா வீட்டில் தெற்குப் பக்க சன்ஷேடு வழியாக நேராக இறக்கினால் ஹாலுக்குள் சுற்றும் நாற்பது அடி அப்படியே மிச்சம். உள்ளே ஒயரை மூடும் கேசிங் பட்டை ஒட்ட வேண்டாம், சுவரில் காடி வெட்ட வேண்டாம், ஒரே ஒரு துளை. அந்தத் துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போட வேண்டும், வெளியே ஒயர் துளைக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை ஒயரைப் பிடித்துக்கொண்டே ஹாலுக்குள் வந்துவிடும்.

டிஷ்ஷையும் சேர்த்து மாற்றலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் தேவையில்லை. டிஷ் எங்கே பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட் 15 செயற்கைக்கோள் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில். சேலத்திலிருந்து அது தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டாடா ப்ளே பயன்படுத்தும் ஜிசாட் 24 கிழக்கு 83 டிகிரியில், அதாவது இங்கிருந்து தெற்கிலிருந்து சற்றே கிழக்கே, 75 டிகிரி உயரத்தில். இரண்டுமே கிட்டத்தட்டத் தலைக்கு மேல். அதனால் தென்கிழக்கில் ஜருகுமலை மறைக்குமோ என்றெல்லாம் பயப்பட வேண்டாம். டிஷ்ஷின் தட்டைப் பார்த்தால் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியாது, எல்.என்.பி. கீழே ஓரமாக வைத்த வடிவம் என்பதால் அது தட்டு காட்டுவதைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரே பார்க்கிறது. மறைப்பது எப்போதும் பக்கத்தில் இருப்பதுதான், மேல்மாடி பால்கனி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாமரம். டிவி இடம் மாறுவதால் டிஷ்ஷுக்கு எந்த மாற்றமும் இல்லை, அதைத் தொட்டால் மறுபடி திசை பிடிக்க ஆள் வர வேண்டும். கம்பெனியையே மாற்றினால்தான் அந்த வேலை.

இதே வேலையை ஏற்காட்டில் செய்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், மூடுபனி வந்தால் எதிரே வரும் ஆள் தெரியாது. மூடுபனியால் சிக்னல் போகிறது என்று அங்கே சொல்வார்கள், உண்மையில் மூடுபனி இந்த அலைகளைத் தடுப்பது மிகக் குறைவு. தடுப்பது கனமழை. மூடுபனி செய்யும் வேலை வேறு, மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் காற்று கனெக்டருக்குள் புகுந்து அரிக்கும். ஆகவே மலை மேல் வெளியில் ஜாயின்ட் என்ற பேச்சே வேண்டாம், ஒரே துண்டு ஒயர், டிஷ் முனையில் ரப்பர் மூடி அல்லது தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். அப்புறம் காப்பித் தோட்டத்து நிழல் மரங்கள். சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றியிருப்பார்கள், டிஷ் வைத்தபோது இல்லாத கிளை நாலு வருஷத்தில் நடுவில் வந்து நிற்கும், வீட்டுக்காரர் ஒயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். டிவியை இடம் மாற்றும்போது சிக்னல் குறைவாகத் தெரிந்தால் ஜாயின்ட்டைப் பிரிக்கும் முன் ஒரு தடவை வெளியே போய் மரத்தை அண்ணாந்து பாருங்கள். ஓட்டு மேல் சும்மா தொங்கவிட்ட ஒயர் குரங்குக்கு விளையாட்டுச் சாமான், அதையும் பைப்புக்குள் விடுவது நல்லது.

பழைய பங்களாக்களில் கற்சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், அதில் துளை போட ஆள் ஒப்புக்கொள்ள மாட்டார். ஜன்னல் இடுக்கில் நுழைக்கத் தட்டையாக நாடா மாதிரி ஒரு துண்டு கோஆக்ஸ் விற்கிறார்கள், நாலு தடவை ஜன்னலைத் திறந்து மூடினால் அது நசுங்கிப்போகும். மர நிலையின் மூலையில் சின்னத் துளை போட்டு ஒயரை விடுவதே உருப்படியான வழி. இப்படிப்பட்ட வீட்டில் மட்டும் பாக்ஸைப் பழைய இடத்திலேயே விட்டு எச்டிஎம்ஐயை நீட்டுவதை நான் ஒப்புக்கொள்வேன், அதுவும் புளூடூத் ரிமோட் இருந்தால்.

இடி மின்னல் மலைக்கும் சமவெளிக்கும் பொது. சித்திரை வைகாசியில் கோடை மழை இடியோடுதான் வரும். இடி நெருங்கும் முன்பே பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். மாடியில் நிற்கும் இரும்புத் தட்டிலிருந்து நேராக உங்கள் ஹாலுக்கு ஓடும் கம்பி அது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இப்போது எல்லோரும் பாக்ஸை டிவிக்குப் பின்னால் ஒட்டி மறைத்துவிடச் சொல்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அந்த அவசரத்தில் 43 இஞ்ச் டிவிக்குப் பின்னால் கைவிட்டுத் திருகைக் கழற்ற உங்களால் முடியாது. ரிமோட்டுக்கும் கண் தெரியாது, பாக்ஸுக்கும் டிவிக்கும் சேர்த்துச் சூடு வேறு. டிவிக்குக் கீழே திறந்த பலகை ஒன்று, அதில் பாக்ஸ், பின்னால் கை போக இடம். மரக் கதவு போட்ட அலமாரி வேண்டாம், கண்ணாடிக் கதவு என்றால் ரிமோட் ஒளி போகும், சூடு போகாது.

டிடிஹெச்சையே விட்டுவிட்டால் என்ன என்று வீட்டில் ஒரு இளவட்டம் கண்டிப்பாகக் கேட்கும். ஸ்மார்ட் டிவி, பைபர் இணைப்பு இருந்தால் டிவிக்கு மின்சாரம் மட்டும் போதும், எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டலாம், கோஆக்ஸ் கணக்கே இல்லை. நியாயமான கேள்விதான். நாடகத்தை மறுநாள் ஆப்பில் பார்க்கிற வீடாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன். நேரத்துக்கு உட்கார்ந்து சேனல் நம்பர் போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்தால் முதல் வாரமே கலவரம். டிவி இடம் மாறுவதை ஒரு சாக்காக வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு கணக்கு. அரசு கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கியபோது போட்ட ஒயரே பல வீடுகளில் ஓடுகிறது, அதில் எல்.என்.பி. இல்லை, 18 வோல்ட் கணக்கு இல்லை, நல்ல ஜாயின்ட் போட்டு நீட்டிக்கொள்ளலாம். ஆபரேட்டரே வந்து செய்துவிட்டுப் போவார்.

ஆக என் தீர்ப்பு இது. சொந்த வீடு, ஒயர் பழையது என்றால் டிஷ்ஷிலிருந்து புது ஒயர் ஒரே துண்டாக, கிட்டத்தில் உள்ள வெளிச்சுவர் வழியாக. வாடகை வீடு, அல்லது ஒயர் போட்டு இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது என்றால் உள்ளே ஒரே ஒரு ஜாயின்ட், தரையோரமாகவோ லிண்டல் மேலோ கேசிங் பட்டை. வீடு காலி பண்ணும்போது திருகைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போகலாம், ஓனருக்கும் வாய் இருக்காது. எச்டிஎம்ஐயை நீட்டுவது கடைசி வழி. மாமா முதலாவதைத்தான் எடுத்தார். அத்தை டிவி தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும், அதுதான் அக்னி மூலை என்று பிடித்த பிடியில் இரண்டடி கிழக்கே தள்ளியது. ஒயருக்கு அது இன்னும் வசதியாகப் போனது, நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை நடக்கும் அன்றைக்குச் சில விஷயங்கள். புது இடத்தில் பிளக் பாயிண்ட் முதலில் வர வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஹாலின் குறுக்கே இழுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நிரந்தரமாகிவிடும். அந்த மின் ஒயர் போகும் பைப்பிலேயே கோஆக்ஸையும் விடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், 230 வோல்ட்டும் இதுவும் ஒரே பைப்பில் போகக் கூடாது. சுவர் திறந்திருக்கும்போதே இன்டர்நெட்டுக்கு ஒரு லேன் ஒயரையும் கோஆக்ஸோடு சேர்த்து விட்டுவிடுங்கள், செலவு கொஞ்சம்தான், அந்த இளவட்டமும் சமாதானமாகும். ஒயரைக் கூரான மூலையில் மடக்கக் கூடாது, வளைவு இரண்டு மூன்று இஞ்ச் ஆரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், கிளிப் அடிக்கும்போது நசுங்கவும் கூடாது.

கழற்றும் முன்பு பாக்ஸ் மெனுவில் போய் சிக்னல் அளவைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரென்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டை காட்டும், குவாலிட்டிதான் முக்கியம். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கோஆக்ஸைத் திருக வேண்டும், அதில் மின்சாரம் ஓடுகிறது என்பதை டெக்னீஷியன்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள், நடுக்கம்பி ஓரத்தில் பட்டால் பாக்ஸுக்குக் கேடு. மாற்றி முடித்ததும் அதே மெனுவை மறுபடி பாருங்கள். ஸ்ட்ரென்த் சில புள்ளி குறைந்திருந்தால் பரவாயில்லை, நீளம் கூடியதற்கு அது சகஜம். குவாலிட்டி விழுந்திருந்தால் ஆளை விடாதீர்கள், கனெக்டரை வெட்டிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். ஒரு சேனல் தெரிந்ததும் "வருதுங்க, சரிங்களா" என்று கிளம்பப் பார்ப்பார். சன், விஜய், டிடி தமிழ், ஒரு எச்டி சேனல், ஒரு இந்திச் செய்திச் சேனல், ஒரு கன்னடச் சேனல் என்று தள்ளித் தள்ளி ஒரு பத்து சேனலாவது அவர் எதிரிலேயே மாற்றிப் பாருங்கள், 13 வோல்ட்டும் 18 வோல்ட்டும் இரண்டுமே மேலே போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கேசிங் பட்டைக்கு மூடி போடுவது, சுவருக்குப் பட்டி பூசுவது எல்லாம் அதற்குப் பிறகு.